வில்லைப் பட்டணத்துக்குக் கொண்டுவந்த கலைவாணர்

சென்னைக்குத் தெற்கே தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரிப் பக்கம் பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் பெரும்பாலும் ஒரு வில்லுப்பாட்டு இருக்கும். ஐந்தாறு பிள்ளைகள் மேடையில் சம்மணம் போட்டு உட்காருவார்கள். எதிரே வளைந்த வில். நடுவில் இருக்கும் பிள்ளை கையில் இரண்டு கோல்களை வைத்துக்கொண்டு கதை சொல்லும். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் ஆமாம் போடுவார்கள். கீழே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு ஒரே சிரிப்பு!

இந்த வில் செங்கல்பட்டுச் சீமையின் சொந்தச் சொத்து அல்ல. இந்தப் பக்கத்துக் கலை தெருக்கூத்து. வில் வந்தது, ஏறக்குறைய 700 கிலோ மீட்டர் தெற்கே இருக்கும் நாஞ்சில் நாட்டிலிருந்தும், அதை ஒட்டிய திருநெல்வேலிச் சீமையிலிருந்தும். அங்கே அது அம்மன் கோவில் வாசலில் ஒலித்த வில். அதைக் கோவில் வாசலிலிருந்து எடுத்துவந்து, பட்டணத்து ஜனங்களை உட்கார வைத்துக் கேட்கச் செய்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஒருவர் இருக்கிறார். அவரை உலகம் சிரிப்பு நடிகர் என்று அறியும். அவர்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

பெற்றோர் பெயரிலேயே வில்லுப்பாட்டு

1908-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் கிருஷ்ணன் பிறந்தார். அப்போது நாகர்கோவில் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆட்சியில் இருந்தது. தந்தை பெயர் சுடலைமுத்து. தாயார் பெயர் இசக்கியம்மாள்.

இந்த இரண்டு பெயர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். சுடலைமாடன், இசக்கியம்மன் இருவரும் தெற்கத்திச் சீமையின் தெய்வங்கள். இவர்களுக்குக் கொடை விழா நடக்கும்போது இவர்களுடைய கதையை வில்லில் வைத்துத்தான் பாடுவார்கள். ஆக, கிருஷ்ணனின் அப்பா பெயரும் வில்லுப்பாட்டில் இருந்தது. அம்மா பெயரும் வில்லுப்பாட்டில் இருந்தது!

வீட்டில் வறுமை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பையன் சும்மா இருக்க முடியுமா? டென்னிஸ் விளையாடும் பெரிய மனிதர்களுக்குப் பந்து பொறுக்கிப் போட்டார். நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்றார். சோடா விற்கிற சாக்கில் நாடகத்தைப் பார்த்தார். ஊர்க் கொடையில் விடிய விடிய வில்லுப்பாட்டைக் கேட்டார். அவருடைய பள்ளிக்கூடம் இந்த இரண்டும்தான்.

ஒருவர் வாசிக்க முடியாத வாத்தியம்

வீணையை ஒருவர் வாசிக்கலாம். புல்லாங்குழலை ஒருவர் ஊதலாம். வில்லுப்பாட்டை மட்டும் தனி ஆளாக யாராலும் நடத்த முடியாது. ஏன் என்று தெரிய வேண்டுமானால் அந்த வில்லைப் பார்க்க வேண்டும்.

வில் ஆள் உயரத்தைவிட நீளமானது. பத்தடி வரைகூட இருக்கும். நல்ல பனை வைரத்தைச் சீவி வளைத்துச் செய்வார்கள். மூங்கிலிலும் செய்வது உண்டு. இரண்டு முனைகளையும் தோல் வாரினால் இழுத்துக் கட்டுவார்கள். அதுதான் நாண். வில்லின் உடம்பில் வரிசையாக வெண்கல மணிகளைத் தொங்கவிடுவார்கள்.

ஒரு மண் குடத்தை, உருளாமல் இருக்க, புரிமணை மேல் வைப்பார்கள். அந்தக் குடத்தின் கழுத்தோடு வில்லைச் சேர்த்துக் கட்டுவார்கள். நாண் மேலே இருக்கும். பாட்டுத் தலைவர் வில்லுக்கு முன்னால் உட்கார்ந்து, வீசுகோல் என்ற இரண்டு மெல்லிய கோல்களால் நாணை அடிப்பார். நாண் அதிரும். மணிகள் குலுங்கும். அதிர்ச்சி குடத்துக்குள் இறங்கி, கும்மென்று பெரிதாகி வெளியே வரும். வீணைக்கு ஒரு குடம் இருக்கிறதே, அது செய்கிற வேலையைத்தான் இந்த மண் குடமும் செய்கிறது. கடல் கடந்து பிரேசில் நாட்டிலும் இதற்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். அங்கே வில்லில் ஒரு சுரைக்குடுக்கையைக் கட்டித் தட்டுகிறார்கள். பெயர் பெரிம்பாவ்.

குடத்துக்காரர் ஒரு கையால் வில்லைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருக்கும் மட்டையால் குடத்தின் வாயில் அடிப்பார். இன்னொருவர் உடுக்கு அடிப்பார். ஒருவர் ஜால்ரா போடுவார். ஒருவர் கட்டை தட்டுவார். தலைவர் ஓர் அடி பாடினால் மற்றவர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். தலைவர் வசனம் சொன்னால் அவர்கள் ஆமாம் போடுவார்கள். சில சமயம் குறுக்கே ஒரு கேள்வி கேட்பார்கள். கேள்வி கேட்கும் ஆள் கெட்டிக்காரனாக இருந்தால் கதைக்கு உயிர் வரும். வெறும் தலையாட்டியாக இருந்தால் கேட்பவர்களுக்குத் தூக்கம் வரும்!

கிருஷ்ணனின் வாழ்க்கையைப் படிக்கும்போது ஒரு விஷயம் தோன்றுகிறது. அவர் மேடையிலும் சினிமாவிலும் எதைச் செய்தாலும் இந்த வில்லுப்பாட்டுக் கூட்டத்தைப் போலத்தான் செய்தார். தனியாக நின்று சிரிப்புக் காட்டியது குறைவு. பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், கேட்க வேண்டும், மடக்க வேண்டும், அதிலிருந்து சிரிப்பு பிறக்க வேண்டும்.

நாடகத்தில் ஏறிய வில்

1925-ம் ஆண்டில் டி.கே.எஸ். சகோதரர்கள் ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை என்ற நாடகக் கம்பெனியைத் தொடங்கினார்கள். கிருஷ்ணன் அதில் பையனாகச் சேர்ந்தார். அந்தக் காலத்து நாடகக் கம்பெனி என்பது ஒரு குருகுலம் மாதிரி. விடிந்தால் பாட்டு, நடிப்பு, வசனம். ராத்திரியில் நாடகம். ஊர் ஊராகப் பயணம். கிருஷ்ணன் எந்த வேஷம் கொடுத்தாலும் போட்டார். ஹாஸ்ய வேஷம் அவருக்கென்றே ஆகிவிட்டது.

1930-களின் தொடக்கம். தேசமெங்கும் உப்புச் சத்தியாக்கிரகத்தின் சூடு ஆறாத நேரம். டி.கே.எஸ். சகோதரர்கள் தேசபக்தி என்ற நாடகத்தைப் போட்டார்கள். வெ.சாமிநாத சர்மா எழுதிய பாணபுரத்து வீரன் என்ற கதைதான் அது. அதில் ஒரு புதுமை செய்தார்கள். நாடகத்துக்கு நடுவே கிருஷ்ணன் காந்தியின் கதையை வில்லுப்பாட்டாக நடத்தினார்.

இது சின்ன விஷயம் அல்ல. அதுவரை வில் மாடனையும் அம்மனையும் பாடியது. பாட்டு ஏற ஏற, கோவில் சாமியாடிக்கு அருள் வரும். அருளை வரவழைப்பதுதான் அந்தப் பாட்டின் வேலை. நாடக மேடையில் சாமியாடி ஏது? டிக்கெட் வாங்கிய ஜனங்கள்தான் இருந்தார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில், சிறைக்குப் போய்வந்த ஒரு மனிதரைப் பற்றி, அவர்கள் ஊர்க் கொடையில் கேட்ட அதே வில்லில் கேட்டார்கள்.

சினிமாவும் மதுரமும்

சினிமாக் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. 1935-ல் மேனகா. 1936-ல் சதி லீலாவதி. எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர் டைரக்ட் செய்த இந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆரும் முதன்முதலில் நடித்தார். எம்.ஜி.ஆர். பிற்காலத்தில் கிருஷ்ணனைத் தமக்கு வழிகாட்டியாகவே கருதினார்.

வசந்தசேனா படத்துக்காகப் புனாவுக்குப் போனபோது டி.ஏ.மதுரத்தைக் கிருஷ்ணன் சந்தித்தார். மதுரம் ஸ்ரீரங்கத்துப் பெண். நன்றாகப் பாடுவார். பதிலுக்குப் பதில் பேசுவார். இருவரும் வாழ்க்கையில் இணைந்தார்கள். பிறகு படத்துக்குப் படம் இந்த ஜோடிதான். வில்லுப்பாட்டில் தலைவரும் பின்பாட்டுக்காரரும் பேசுவதைப்போல இவர்கள் பேசினார்கள். ஒரு வித்தியாசம்: இங்கே பின்பாட்டுக்காரர் பல சமயம் தலைவரைத் தோற்கடித்தார். வீட்டுச் சண்டையில் புருஷன் தோற்பதைத் திரையில் பார்த்துப் பெண்கள் கைதட்டினார்கள்.

கிருஷ்ணன் தமக்கென்று ஒரு சிரிப்புக் குழுவையே வைத்திருந்தார். புளிமூட்டை ராமசாமியைப் போன்ற பலர் அதில் இருந்தார்கள். கதைப் பகுதியை ஒருவர் எடுப்பார். சிரிப்புப் பகுதியைக் கிருஷ்ணன் தம் ஆட்களோடு தனியாக எடுத்துக் கொடுப்பார். படம் சுமாராக இருந்தாலும் சிரிப்புக்காகவே ஓடும். குடிப் பழக்கம், சாதிப் பெருமை, மூட நம்பிக்கை, கடன் வாங்கிக் கல்யாணம் செய்வது இவையெல்லாம் அவர் கேலியில் அடிபட்டன. ஆனால் அடிபட்டவனும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனான். அதுதான் அவர் கைப்பக்குவம்.

இருண்ட காலம்

1944-ம் ஆண்டு நவம்பர் மாதம். சினிமாக்காரர்களைப் பற்றி ஏடாகூடமாக எழுதிவந்த பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் டிசம்பர் மாதம் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். தமிழ்நாடே திகைத்தது. ஒருவர் பாட்டுக்கு ராஜா. மற்றவர் சிரிப்புக்கு ராஜா. இருவரும் கொலை வழக்கில்!

1945-ல் ஜூரிகள் குற்றவாளிகள் என்று முடிவு சொன்னார்கள். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஐகோர்ட்டில் செய்த அப்பீல் தோற்றது. லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் வழக்கு போயிற்று. அங்கிருந்து மறுபடி விசாரிக்கச் சொல்லித் திரும்பி வந்தது. 1947-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலை ஆனார்கள். வாழ்க்கையில் இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் போய்விட்டது.

இந்த இரண்டு ஆண்டுகளில் வெளியே என்ன நடந்தது? தலைவர் இல்லாத வில்லுப்பாட்டுக் கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கலையவில்லை. மதுரம் முன்னால் வந்து நின்றார். வக்கீல் செலவு ஒரு பக்கம், குடும்பம் ஒரு பக்கம். அதோடு என்.எஸ்.கே. நாடக சபாவையும் நடத்த வேண்டும். எஸ்.வி.சகஸ்ரநாமம் தோள் கொடுத்தார். பைத்தியக்காரன் என்ற நாடகத்தை மேடையேற்றினார்கள். அது சினிமாவாகவும் ஆயிற்று. சிறையிலிருந்து வெளியே வந்த கிருஷ்ணனையும் அதில் சேர்த்துக்கொண்டு 1947-லேயே படம் வெளிவந்தது. தலைவர் எழுந்து போனபோது பின்பாட்டுக்காரர்கள் பாட்டை நிறுத்தாமல் வாங்கிப் பாடினார்கள். திரும்பி வந்தவர் அதே அடியில் சேர்ந்துகொண்டார்.

பாகவதருக்கு அந்தப் பழைய புகழ் திரும்ப வரவில்லை. கிருஷ்ணனுக்கு வந்தது. பாகவதருடைய பாட்டு தனி ஆள் பாட்டு. கிருஷ்ணனோ எப்போதும் நாலு பேர் நடுவில் இருந்தவர். இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம். அதே 1947-ம் ஆண்டில், நாடகத் தந்தை பம்மல் சம்பந்த முதலியார் கையால் கிருஷ்ணனுக்குக் கலைவாணர் என்ற பட்டம் கிடைத்தது.

காந்தி மகான் கதை

1948-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி காந்தி சுட்டுக் கொல்லப்பட்டார்.

கலைவாணருக்குக் காந்தியிடம் பக்தி அதிகம். பெரியாரிடமும் அண்ணாவிடமும் அவருக்கு ஈடுபாடு உண்டு. இரண்டும் எப்படி ஒரே நெஞ்சில் இருந்தன என்று சிலர் கேட்பதுண்டு. அவர் நெஞ்சில் இடம் நிறைய இருந்தது, அவ்வளவுதான். நாகர்கோவிலில் தம் சொந்தச் செலவில் காந்திக்கு நினைவுத் தூண் ஒன்று எழுப்பினார்.

கல்கி பத்திரிகை ஆசிரியர் கல்கி கிருஷ்ணமூர்த்திக்கு ஒரு யோசனை தோன்றிற்று. காந்தியின் சத்திய சோதனை நூலைப் படிக்காத, படிக்கத் தெரியாத ஜனங்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கதையை வில்லுப்பாட்டாகச் சொன்னால் என்ன? இதைக் கலைவாணரிடம் தெரிவித்தார். கலைவாணருக்கோ பழைய ஆசை. ஆனால் பாட்டு எழுத ஆள் வேண்டுமே?

ஆள் தயாராக இருந்தார். திருநெல்வேலிப் பக்கம் சத்திரம் புதுக்குளம் என்ற ஊர்க்காரர். பெயர் சுப்பு ஆறுமுகம். வயது இருபது. அந்த இளைஞரின் பாட்டுத் திறமையைப் பார்த்து, 1948-ல் கலைவாணர் அவரைத் தம்மோடு சென்னைக்கு அழைத்து வந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் நாகர்கோவிலுக்கு ரெயில் கிடையாது. 1979-க்குப் பிறகுதான் அங்கே ரெயில் ஓடிற்று. அதுவரை நாஞ்சில் நாட்டுக்காரர்கள் திருநெல்வேலிக்குப் பஸ்சில் வந்து, அங்கிருந்து எழும்பூருக்கு ரெயில் ஏறுவார்கள். ராத்திரி முழுவதும் ஓடி, செங்கல்பட்டு தாண்டி, கூடுவாஞ்சேரி, வண்டலூர், தாம்பரம் என்று வந்தால் பட்டணம் நெருங்கிவிட்டது என்று எல்லோரும் மூட்டை முடிச்சைக் கட்டத் தொடங்குவார்கள். தெற்கத்திக் கலைஞர்கள் பிழைப்புத் தேடிப் பட்டணத்துக்கு வந்த பாதை இதுதான். இன்று நாகர்கோவில் பஸ் கூடுவாஞ்சேரியைத் தாண்டிக் கிளாம்பாக்கத்தில் கொண்டுவந்து விடுகிறது. பாதை மாறவில்லை.

சுப்பு ஆறுமுகம் எழுதினார். கலைவாணர் வில்லின் முன்னால் உட்கார்ந்தார். காந்தி மகான் கதை அரங்கேறியது. ஊர் ஊராகப் போயிற்று. கூட்டம் கூட்டமாகக் கேட்டார்கள்.

தெய்வக் கதை பாடும் வில்லில் ஓர் அரசியல் தலைவரின் கதை எப்படிப் பொருந்திற்று என்று யோசித்துப் பார்த்தால், இது தெற்கத்தி மனிதருக்கு அல்லாமல் வேறு யாருக்கும் வந்திருக்க முடியாது என்று தெரிகிறது. வில்லுப்பாட்டில் பாடப்படும் தெய்வங்களில் பலர் ஒரு காலத்தில் மனிதர்கள். நல்லவர்கள். அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள். கொன்ற ஊரே பிறகு பயந்து, வருந்தி, அவர்களுக்குப் பீடம் போட்டுக் கொடை கொடுக்கிறது. முத்துப்பட்டன் கதை அப்படிப்பட்டதுதான். உயர்ந்த சாதியில் பிறந்த பட்டன், தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குலத்துப் பெண்கள் இருவரை மணந்தான். மாடு திருட வந்தவர்களோடு போராடி உயிரை விட்டான். இன்றைக்கும் பாபநாசம் மலையில் சொரிமுத்தய்யனார் கோவிலில் அவனுக்கு வழிபாடு நடக்கிறது.

தீண்டாமையை எதிர்த்த காந்தியும் குண்டடி பட்டு இறந்தார். கொடை விழாவில் வளர்ந்த ஜனங்களுக்கு இந்தக் கதையைப் புதிதாக விளக்க வேண்டிய அவசியமே இல்லை. வில்லின் ஓசை கேட்டதும் எந்த மாதிரி மனிதரின் கதை வரப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பட்டணத்து ஜனங்களுக்கு அப்படி அல்ல. அவர்களில் பலர் வில்லையே பார்த்தது கிடையாது. கோவிலில் விடிய விடிய நடக்கும் பாட்டை இரண்டொரு மணி நேரத்துக்குள் சுருக்க வேண்டும். நாஞ்சில் நாட்டுப் பேச்சு எல்லோருக்கும் புரிய வேண்டும். இங்கேதான் கலைவாணரின் சிரிப்பு கைகொடுத்தது. குறுக்கே கேள்வி கேட்கும் பின்பாட்டுக்காரன் கேட்பவர்களுடைய சந்தேகத்தையெல்லாம் தானே கேட்டுவிடுவான். பதில் சொல்லும் சாக்கில் கதை விளங்கிவிடும். எழுத்துத் தெரியாத கிழவியும் காலேஜில் படித்த பேரனும் ஒரே இடத்தில் சிரித்து, ஒரே இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கொத்தமங்கலம் சுப்புவும் காந்தி கதையை வில்லில் பாடிப் பெரும் புகழ் பெற்றார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரே கதையை இரண்டு பெரிய கலைஞர்கள் வில்லில் வைத்தார்கள். நஷ்டம் யாருக்கும் இல்லை, வில்லுக்கு லாபம்.

வில்லுப்பாட்டோடு அவர் நிற்கவில்லை. கிந்தனார் என்று ஒரு கதாகாலட்சேபம் நடத்தினார். பாட்டுகள் உடுமலை நாராயண கவி எழுதியவை. நந்தனார் சிதம்பரம் போனார் அல்லவா? கிந்தன் பட்டணத்துக்குப் போகிறான். சாமி பார்க்க அல்ல, படிக்க! ரெயில் ஏறிப் போய்ப் படித்து, பெரிய உத்தியோகஸ்தனாகத் திரும்புகிறான். தீண்டாதவன் என்று தள்ளியவர்கள் அவனை வரவேற்க வேண்டியதாகிறது. அண்ணா கதை வசனம் எழுதி 1949-ல் வந்த நல்லதம்பி படத்திலும் இதைப் பார்க்கலாம். பிறகு மணமகள், பணம் என்று படங்களை அவரே டைரக்ட் செய்தார். 1951-ல் சோவியத் நாட்டுக்குப் போய்வந்தார்.

கொடுத்தே தீர்ந்த பணம்

கலைவாணர் சம்பாதித்தது ஏராளம். வைத்துக்கொண்டது ஒன்றும் இல்லை. வீட்டில் எந்த நேரமும் பந்தி. கல்யாணத்துக்கு உதவி, படிப்புக்கு உதவி, நொடித்துப்போன நாடகக்காரனுக்கு உதவி. பொய் சொல்லிக் கேட்டவர்களுக்கும், பொய் என்று தெரிந்தே கொடுத்தார் என்று சொல்வார்கள். தர்மம் நல்லதுதான். ஆனாலும் அவருடைய குடும்பத்தை நினைக்கும்போது, ஒரு பங்கையாவது எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று மனம் கேட்கத்தான் செய்கிறது. கடைசிக் காலத்தில் கையில் பணம் இல்லை. உடம்பும் சரியில்லை.

அந்த நிலையிலும் 1957-ம் ஆண்டுத் தேர்தலில் அண்ணாவுக்காகக் காஞ்சீபுரம் வந்தார். அண்ணாவை எதிர்த்து நின்றவர் ஊரில் நல்ல பேர் வாங்கிய டாக்டர். கலைவாணர் மேடையேறி, அந்த டாக்டரைப் புகழ்ந்து தள்ளினாராம். கைராசிக்காரர், ஏழைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர், தங்கமான மனிதர் என்று அடுக்கிக்கொண்டே போனாராம். அண்ணாவின் ஆட்களுக்கு வியர்த்துவிட்டது. கடைசியில் அவர் கேட்டாராம்: இப்படிப்பட்ட டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் நாளைக்கு உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்? அவர் இங்கேயே இருக்கட்டும், அண்ணாத்துரையை அனுப்புங்கள் என்று முடித்தாராம்! அண்ணா ஜெயித்தார். எதிராளியின் மனமும் புண்படவில்லை.

1956-ம் ஆண்டு நவம்பர் முதல் தேதி, நாஞ்சில் நாடு திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ் மாநிலத்தோடு சேர்ந்தது. தாம் பிறந்த ஊரும் தாம் பிழைத்த ஊரும் ஒரே மாநிலமானதைக் கலைவாணர் பார்த்தார். பத்து மாதம்தான். 1957-ம் ஆண்டு ஆகஸ்டு 30-ந்தேதி சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் அவர் காலமானார். ஐம்பது வயதுகூட நிறையவில்லை.

மதுரம் 1974 வரை இருந்தார். சென்னை தியாகராயநகரில் கலைவாணருக்குச் சிலை வைத்தார்கள். 1969-ம் ஆண்டு பொங்கல் நாளில் அதைத் திறந்து வைத்தவர், அப்போது முதல்-அமைச்சராக இருந்த அண்ணா. அவர் கலந்துகொண்ட கடைசிப் பொது விழாக்களில் அது ஒன்று. இருபது நாள் கழித்து அவரும் போய்விட்டார். வாலாஜா சாலையில் இருந்த பாலர் அரங்கம் 1974-ல் கலைவாணர் அரங்கம் ஆயிற்று. அதை இடித்துக் கட்டிய புதிய அரங்கமும் அதே பெயரோடு இருக்கிறது.

வில் என்ன ஆயிற்று? அது சுப்பு ஆறுமுகத்தின் கைக்கு வந்தது. கலைவாணருக்கு எழுதிக் கொடுத்தவர், பிறகு தாமே நடுவில் உட்கார்ந்து பாடினார். கதைகளை எழுதிக்கொண்டே இருந்தார். தம் மகளையும் பேரனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாடினார். 2021-ம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. 2022-ம் ஆண்டு அக்டோபரில், தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு அவர் காலமானார்.

கோவில் வாசலை விட்டு வந்த வில் பிறகு எத்தனையோ வேலை செய்துவிட்டது. குடும்பக் கட்டுப்பாடு, போலியோ சொட்டு மருந்து, மழைநீர் சேமிப்பு, ஓட்டுப் போடுவது, எல்லாவற்றையும் அதில் பாடிவிட்டார்கள். தெற்கே கொடை விழாவிலும் அது ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. அங்கே சாமியாடிக்கு இன்னும் அருள் வருகிறது.

பள்ளிக்கூட மேடையில் பனை வைரத்துக்கு எங்கே போவது? பிளாஸ்டிக் குழாயை வளைத்துக் கயிறு கட்டிவிடுகிறார்கள். மணிக்குப் பதில் சலங்கை. குடம் மட்டும் பெரும்பாலும் உண்மையான குடம். யார் நடுவில் உட்காருவது என்று ஒத்திகையில் பிள்ளைகளுக்குள் சண்டை வரும். வாத்தியாரம்மா சமாதானம் செய்து, வாயாடிப் பிள்ளையைப் பார்த்துப் பக்கத்தில் உட்கார வைப்பார். குறுக்கே கேள்வி கேட்க அந்தப் பிள்ளைதான் சரி.